அளவெடுத்துத் தைத்த பயணம்

ஜப்பானுக்குச் சென்று வருவது நம் நாட்டில் இன்று அரிய செயலன்று. 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரிலிருந்து அந்நாட்டுக்குச் சென்றோர் தொகை ஏறத்தாழ ஏழு இலட்சம். அறுபது இலட்சம் பேர் வாழும் ஒரு சிறு தீவிலிருந்து இத்தனை பேர்! ஆதலின், "நான் ஜப்பான் சென்று வந்தேன்" என்று சொல்லுவதில் முன்னிருந்த பெருமை இப்போது இல்லை. பெருமை குறைந்த பண்டத்துக்குப் புதுமெருகு பூசி விற்பது வணிகத்தின் இயல்பு. அந்தப் புதுமெருகின் பெயர்தான் தனித்திட்டப் பயணம். பிறர் செல்லாத ஊர், பிறர் காணாத கோயில், பிறர் குளிக்காத வெந்நீரூற்று. எல்லாம் உமக்காகவே, உம் விருப்பத்துக்கு அளவெடுத்துத் தைத்தது என்கிறார்கள். ஒரு குடும்பத்தின் இரண்டு மாத ஊதியத்தை விழுங்கும் இந்தச் சட்டையை யார் அளவுக்குத் தைக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

இந்த வணிகம் தழைப்பதற்குத் தஞ்சோங் பகாரைவிட ஏற்ற இடம் வேறில்லை. 290 மீட்டர் உயரக் கோபுரம் நிழல் விரிக்கும் அவ்வட்டாரத்தில் இன்று கொரியச் சமையலின் மணமும் ஜப்பானியக் குழம்பின் மணமும் கலந்து வீசுகின்றன. நண்பகலில் அங்கே உணவருந்தும் அலுவலர் கூட்டத்தில் நம் தமிழ் இளைஞரும் பலர் உள்ளனர். படித்தவர், நல்ல பதவியில் இருப்பவர், ஜப்பானைப் பற்றி நுணுக்கமாகப் பேசக் கூடியவர். எந்த மாதம் எந்த மலையில் இலை சிவக்கும் என்பதை அவர்கள் அறிவர். தாம் உணவருந்தும் இடத்துக்குக் கூப்பிடு தொலைவில் நிற்கும் பழைய இரயில் நிலையத்துக்கும் அந்த ஜப்பானுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் மட்டும் விழிப்பார்கள். அவர்கள் மேல் குறையில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம், சொல்லவில்லை.

கூட்டத்தைப் பற்றிய குறைகூறல் முற்றிலும் பொய்யென்று நான் வாதிட வரவில்லை. 2024இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டார் மூன்று கோடியே அறுபத்தெட்டு இலட்சத்துக்கும் மேல். கியோத்தோவின் கியோன் பகுதியில், நடனமங்கையரைத் துரத்தித் துரத்திப் படமெடுத்தவர்களின் தொல்லை தாங்காமல், தனியார் சந்துகள் சிலவற்றை அவ்வாண்டு அயலாருக்கு அடைத்துவிட்டார்கள். மீறினால் பத்தாயிரம் யென் தண்டம் என்று பலகையும் வைத்தார்கள். ஃபியூஜி மலையடிவார ஊரொன்றில், ஒரு கடையின் கூரைக்கு மேல் மலை தெரியும் காட்சியைப் படமெடுக்கத் திரண்டவர்களைத் தடுக்கக் கறுப்புத் திரை கட்ட நேர்ந்தது. மலைக்குத் திரை கட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது என்றால் சிரிப்பதா அழுவதா?

ஆனால் அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது? நாம்தாம் அந்தக் கூட்டம். கூட்டத்தில் ஒருவனாக நின்றுகொண்டே கூட்டத்தைப் பழிப்பவன், அதிலிருந்து தப்பும் வழியைக் காசு கொடுத்து வாங்குகிறான். வாங்கிய வழி மறு ஆண்டே இன்னொரு கூட்டத்துக்குப் பாதையாகிறது. இதில் தனித்திட்டம் எங்கே உள்ளது? ஒரே வார்ப்பில் ஊற்றிய நூறு திட்டங்களுக்கு நூறு பெயர் சூட்டியிருக்கிறார்கள், அவ்வளவே.

'கூட்டமில்லாத சிற்றூர்' என்ற சொல்லையும் சற்று உரித்துப் பார்ப்போம். ஜப்பானில் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆளில்லாமல் கிடக்கும் வீடுகள் தொண்ணூறு இலட்சம். பிள்ளைகள் நகரம் போய்விட்டனர், பள்ளிகள் மூடப்பட்டன, பேருந்து நாளுக்கு இரண்டு முறையோடு நின்றது, முதியோர் மட்டும் எஞ்சினர். அந்த ஊரின் அமைதியைத்தான் வண்ணத்தாளில் அச்சிட்டு நமக்கு விற்கிறார்கள். பிறர் வீட்டு வெறுமை நமக்கு ஓய்வாகிறது. இதை ஐரோப்பியன் அறியாமலிருக்கலாம், தமிழன் அறியாமலிருக்கலாமா? தஞ்சை மாவட்டத்திலும் இராமநாதபுரத்திலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் திறவுகோல்கள் இன்றும் இத்தீவின் அடுக்குமாடி வீடுகளில் எத்தனையோ அலமாரிகளுக்குள் இருக்கின்றன. நம்மைப் பெற்ற ஊர்களும் கூட்டமில்லாத ஊர்கள்தாம். அவற்றுக்கு யாரும் தனித்திட்டம் வகுத்துப் பயணம் போகக் காணோம்.

கூட்டத்தின் மேல் நமக்கு இத்தனை அருவருப்பு எப்போது வந்தது என்பதும் எனக்கு விளங்கவில்லை. 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து, நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் முழங்கால் மற்றவர் முதுகில் இடிக்க வந்து சேர்ந்தவர்களின் பேரர்கள் நாம். தஞ்சோங் பகார்த் துறைமுகம் பல்லாயிரம் தோள்களால் இயங்கியது. அவற்றுள் தமிழர் தோள்கள் மிகப் பல. மூட்டை சுமந்தவர்களும், நிலக்கரி வாரியவர்களும், கப்பலின் துருவைச் சுரண்டியவர்களும் கூட்டமாக உறங்கிக் கூட்டமாக உண்டார்கள். 1972ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் அத்துறைக்கு முதல் கொள்கலக் கப்பல் வந்தது. அதனோடு தோளில் சுமக்கும் காலம் முடியலாயிற்று. அந்தக் கப்பலின் பெயர் 'நிஹோன்'. ஜப்பானியர் தம் நாட்டைக் குறிக்கும் பெயரே அது. வரலாறு சில வேளைகளில் இப்படிக் குறும்பு செய்வதுண்டு.

அதுமட்டுமா? சிராங்கூன் சாலைக்கும் தேக்காவுக்கும் வந்து, வழிகாட்டியின் குடைக்குப் பின்னே நடந்து, ஞாயிற்றுக்கிழமை மாலையில் புல்தரையில் அமர்ந்திருக்கும் நம் தொழிலாளத் தோழர்களை "உண்மையான சிங்கப்பூர்" என்று படமெடுத்துச் செல்லும் அயலாரை நாம் காணவில்லையா? அவர்களுக்கும் யாரோ அளவெடுத்துத் தைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். வாழையிலையில் சோறுண்ணும் ஒருவரின் முகத்துக்கெதிரே ஒளிப்படக் கருவி நீளும்போது அவர் படும் கூச்சம் நமக்குத் தெரியும். அதே கருவியோடு ஒரு ஜப்பானிய மூதாட்டியின் வாயிற்படியில் போய் நிற்கும்போது அந்தக் கூச்சத்தை மறந்துவிடுகிறோம்.

சரி, அப்படியாயின் ஜப்பானுக்குப் போகவே கூடாதா என்று கேட்பீர்கள். போக வேண்டும் என்கிறேன். உண்மையாகவே தனித்திட்டம் வகுத்துப் போக வேண்டும் என்கிறேன். ஆனால் அளவு நம்முடையதாக இருக்கட்டும். சிங்கப்பூர்த் தமிழனுக்கு ஜப்பானில் காண வேண்டியது என்ன என்பதை அமெரிக்கப் பயணிக்காக எழுதப்பட்ட ஏட்டிலிருந்து படியெடுத்தால் அது தமிழனின் உடம்பில் எப்படிப் பொருந்தும்?

அந்தப் பயணம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. தஞ்சோங் பகார் இரயில் நிலையத்தில் தொடங்குகிறது. 1932இல் திறக்கப்பட்டு 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளோடு வண்டிகள் நின்றுபோன அந்நிலையத்தின் முகப்பில், வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பளிங்குச் சிலைகள் இன்றும் நிற்கின்றன. தீபகற்பம் முழுதும் ஓடிய மீட்டர் அகலப் பாதையின் தென்கோடி அது. அந்தப் பாதையை இட்டவர்களுள்ளும் பேணியவர்களுள்ளும் தமிழர் பெருந்தொகையினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்து 'சியோனான்' ஆயிற்று. சாங்கியிலிருந்து போர்க்கைதிகளை ஏற்றிவந்து, இந்நிலையத்தில் இரும்புச் சரக்குப் பெட்டிகளுள் பெட்டிக்கு முப்பது பேராக அடைத்துச் சயாமுக்கு அனுப்பினார்கள். ஐந்து நாள் பயணம். நிற்க இடமில்லை, படுக்க இடமில்லை. கைதிகளுக்குப் பின் அதே பாதையில், மலாயாவின் பல நிலையங்களிலிருந்து ஏற்றப்பட்டவர்கள் நம் தோட்டத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி, பிறகு திரும்பலாம் என்று பசப்பு வார்த்தை சொல்லிச் சிலரை அழைத்தார்கள். பிடித்துக் கொண்டு போகப்பட்டவர் பலர்.

415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில்பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. மேற்கத்தியக் கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உழைத்தனர்; பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு, பெயர் உண்டு, திரைப்படம் உண்டு. ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சம் அளவினர். மாண்டோர் தொண்ணூறாயிரம் வரை என மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து சென்றவர் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேல். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். வாந்திபேதி கண்டவர்களைச் சேர்த்துக் குவித்து எரித்தார்கள் என்பது பிழைத்து வந்தவர் வாய்மொழி. பெயர் பொறித்த கல் அவர்களுக்கு ஏது? இன்னொன்றும் கேளுங்கள். மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையில் கிடந்த தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துத்தான் அந்தப் பாதையில் இட்டார்கள். மலாயாவில் வியர்வை சிந்தி இட்ட இரும்பு, சயாமில் உயிர் குடிக்கும் இரும்பாயிற்று.

அந்தப் பாதை திறக்கப்பட்டபோது ஓடிய நீராவி எஞ்சின் இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? டோக்கியோ நகரின் நடுவில், யாசுக்குனி ஆலயத்தைச் சேர்ந்த யூஷூக்கான் என்னும் போர்க் காட்சியகத்தின் முன்கூடத்தில். 'சி 56' வகையைச் சேர்ந்த 31ஆம் எண் எஞ்சின் அது. போருக்காக அவ்வகையில் தொண்ணூறு எஞ்சின்கள் மீட்டர் பாதைக்கேற்ப மாற்றப்பட்டுத் தென்கிழக்காசியாவுக்கு வந்தன. போர் முடிந்து பல்லாண்டு தாய்லாந்தில் ஓடிய பின், அப்பாதையை அமைத்த படைப்பிரிவைச் சேர்ந்த முன்னாள் வீரர்களின் முயற்சியால் 1979இல் இந்த எஞ்சின் ஜப்பான் திரும்பியது. கரிய நிறம், நன்கு துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள். அதைக் காண நுழைவுக் கட்டணமும் இல்லை. பூமரங்களுக்கு நடுவே ஆலயத்தைப் படமெடுக்கும் நம் பயணிகளுள் எத்தனை பேர் அந்தக் கதவைத் தள்ளி உள்ளே நோக்கினார்கள்?

அந்த ஆலயம் பதினான்கு முதல்தரப் போர்க்குற்றவாளிகளையும் 1978இல் வழிபாட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட இடம் என்பதை அறிவேன். அங்குச் சென்று கை கூப்பச் சொல்லவில்லை. அந்த எஞ்சினின் முன் நின்று, இதன் சக்கரத்தடியில் கிடந்த கட்டைகளை அடுக்கியவர் யார் என்று தன் பிள்ளைக்குத் தமிழில் சொல்லும் ஒரு தந்தையைத்தான் கேட்கிறேன். அந்தக் கூடத்தில் அப்படி ஒரு குரல் ஒலித்தால், எந்தப் பயண நிறுவனமும் விற்க முடியாத பயணம் அதுவாக இருக்கும். அதே வகையைச் சேர்ந்த 44ஆம் எண் எஞ்சினும் போர்க்காலத்தில் தாய்லாந்துக்கு அனுப்பப்பட்டு 1979இல் திரும்பியதே. ஷிசுவோக்காவின் ஓய் ஆற்றோரப் பாதையில் அதற்குச் சிவப்பு வண்ணமும் சிரித்த முகமும் பொருத்திக் குழந்தைகளுக்கான கதை வண்டியாக ஓட்டினார்கள். கூட்டத்துக்கு அப்பாற்பட்ட இன்பப் பயணம் என்று அந்தப் பள்ளத்தாக்கும் விற்கப்படுவதுண்டு. குழந்தைகள் சிரிக்கட்டும்; அதில் குற்றமில்லை. பெற்றோர் அறியாமலிருப்பதில்தான் குற்றம்.

பழைய பகையைக் கிளறுகிறேன் என்று சிலர் முகம் சுளிப்பர். சயாம் மரண இரயிலைப் பற்றி மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் நாவல் எழுதியபோதும், 'புயலிலே ஒரு தோணி'யில் ப. சிங்காரம் அந்தப் போர்க்காலத்தை எழுதியபோதும் பகையா எழுதினார்கள்? பகை வேறு, கணக்கு வேறு. அந்தக் கணக்கை ஜப்பானியர் ஒருவரே நம்மைவிட ஒழுங்காக எழுதி வைத்தார். அப்பாதையில் படையின் மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகசே தகாஷி, போருக்குப் பின் தம் வாழ்நாளைக் கழுவாய் தேடுவதிலேயே கழித்தார். நூறு முறைக்கும் மேல் தாய்லாந்து சென்றார், 1986இல் குவாய் ஆற்றுப் பாலத்தருகே அமைதிக் கோயில் ஒன்றை எழுப்பினார், 2011இல் மறைந்தார். அவர் வாழ்ந்த ஊர் குராஷிக்கி. வெண்சுவர்க் கிடங்குகளும் கால்வாயும் அழகு செய்யும் அவ்வூர், நம்மவரின் தனித்திட்டங்களில் தவறாமல் இடம் பெறுகிறது. அங்கே படகில் போகிறவர்களின் காதில் அந்தப் பெயர் விழுவதில்லை.

நேதாஜியின் படைக்கு இத்தீவில் திரண்டவர்களுள் தமிழர் எத்தனை ஆயிரம் என்பதையும், அவருடைய அஸ்தி என்று நம்பப்படுவது டோக்கியோவின் ரெங்கோஜிக் கோயிலில் இருப்பதையும் விரித்தால் இக்கட்டுரை நீளும். ஜப்பானை நண்பனாக எண்ணிய தமிழரும் அன்று உண்டு, அதன் பாதையில் மாண்ட தமிழரும் அன்று உண்டு. சில குடும்பங்களில் இருவரும் உடன்பிறந்தோர். இந்தச் சிக்கலை ஒரே பயணத்தில் கண்ணால் காணக்கூடிய பயணி உலகில் வேறு யார் இருக்கிறார்?

இன்னொரு மறுப்பும் வரும். ஆண்டு முழுதும் உழைத்துக் களைத்தவன் பத்து நாள் ஓய்வுக்குப் போகிறான். அவன் தலையில் பிணங்களை ஏற்றலாமா? இது நேர்மையான கேள்வி. ஓய்வு வேண்டும். வெந்நீரூற்றில் கிடக்கட்டும், பனியில் உருளட்டும், யார் தடுத்தார்? ஓய்வை ஓய்வு என்று சொல்லி விற்றால் எனக்கு வழக்கில்லை. அதை ஆழ்ந்த பட்டறிவு என்றும், உள்ளத்தைத் தொடும் தேடல் என்றும் பெயர் மாற்றி, பெயருக்கென்று தனி விலை வாங்குகிறார்களே, அங்கேதான் என் வழக்கு. பத்து நாளில் அரை நாளை எஞ்சினுக்குக் கொடுத்தால் ஓய்வு கெட்டுவிடாது.

தனித்திட்டப் பயணம் என்றால் என்ன என்பதை நமக்குக் காட்டியவர்களும் ஜப்பானியரே. நொபொரு கராஷிமா 1960களின் தொடக்கத்தில் தமிழகம் வந்தார். மாமல்லபுரத்துக் கடற்கரையில் படமெடுத்துக்கொண்டு திரும்பவில்லை. கல்வெட்டுப் படிக்கக் கற்று, திருச்சிராப்பள்ளிக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு சிற்றூர்களின் சோழர்காலக் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டார். நிலம் எவர் கையில் இருந்தது என்பதே அவர் கேள்வி. அந்த ஊர்ப் பெயர்களைத் தமிழருள்ளேயே எத்தனை பேர் அறிவோம்? 1995இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய ஆய்வு மன்றத்தின் தலைவராக இருந்தவர் அவர். சூசோ மத்சுனாகா திருக்குறளை ஜப்பானிய மொழியில் பெயர்த்து 1981இல் வெளியிட்டார். சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு நாட்ட முயன்றார். மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நம் மேடைகளில் மட்டும் அது முடிந்த முடிவாக முழங்கப்படுகிறது. அது நிற்க, ஏற்கப்படாத கொள்கைக்காகவும் அவர் யாழ்ப்பாணத்து அறிஞர்களோடு அமர்ந்து ஆண்டுக்கணக்கில் சொற்களை ஒப்பிட்டார் என்பதுதான் நாம் எண்ணத் தக்கது.

நம் பக்கத்திலும் இம்மரபு இல்லாமலில்லை. ஏ.கே. செட்டியார் 1930களில் ஒளிப்படக் கலை கற்க டோக்கியோ சென்றவர். தாம் கண்ட ஜப்பானைத் தமிழருக்கு நூலாக்கித் தந்தார். தி. ஜானகிராமனின் 'உதயசூரியன்' பின்னால் வந்தது. பிறகு 1970ஆம் ஆண்டு ஒசாக்காக் கண்காட்சியில் படமாக்கிய 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973இல் திரைக்கு வந்தது. அதன் பிறகு பல தமிழருக்கு ஜப்பான் என்றால் பாட்டுக்குப் பின்புலம் என்றாயிற்று. இன்றைய தனித்திட்டங்கள் பாட்டை நீக்கிவிட்டுப் பின்புலத்தை மட்டும் விற்கின்றன.

முடிவாக ஓர் ஊரைக் குறிப்பிட்டு நிறுத்துகிறேன். நாரா நகரின் தோதாய்ஜிக் கோயிலுக்குச் செல்லாத பயணி இல்லை. மான்களுக்கு அப்பம் கொடுத்துப் படமெடுக்காத குடும்பமும் இல்லை. அங்குள்ள பெரும்புத்தர் சிலைக்கு 752ஆம் ஆண்டு கண் திறந்தவர் போதிசேனர். 736இல் சீனத்திலிருந்து கப்பலேறி வந்த அவரைத் தென்னிந்தியத் துறவி என்றே ஜப்பானிய மரபு கூறுகிறது. மதுரைக்காரர் என்பாரும் உளர். அதற்குச் சான்று போதாது. அவர் கையிலிருந்த தூரிகையில் நீண்ட கயிறு கட்டி, அதன் மறுபுறத்தைக் கூடியிருந்த பெருமக்கள் பற்றிக்கொண்டார்களாம். சிற்பி சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை நம் ஊர்க் குடமுழுக்குகளில் கண்டவர்களுக்கு இது அயலாகத் தோன்றாது. 760இல் அவர் காலமானார். மான்களின் கூட்டத்தில் அவர் இல்லை. நகரின் மேற்கே ரியோசென்ஜி என்னும் கோயிலில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு ரோசாத் தோட்டமும் உண்டு. அங்கே கூட்டமில்லை. ஒசாக்காவிலிருந்து நாரா செல்லும் கிந்தெத்சு இரயில்பாதையில் தோமியோ நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் சிறிது தூரம் போக வேண்டும். விரைவு வண்டிகளுள் சில அந்நிலையத்தில் நிற்பதில்லை. நிற்கும் வண்டியைக் கேட்டு ஏறுங்கள்.